ஒரு டன் தீவனத்தில் நூறு கிராம்: முட்டைக்கோழிக்குச் சேர்மானம் எதற்கு?

நாமக்கல் பக்கம் எந்த முட்டைக்கோழிப் பண்ணைக்குப் போனாலும், தீவன மில்லை ஒட்டி ஒரு சின்ன அறை இருக்கும். மக்காச்சோள மூட்டையும் சோயாப் புண்ணாக்கும் வெளியே மலை மாதிரி குவிந்து கிடக்க, இந்த அறைக்கு மட்டும் பூட்டு. உள்ளே ஒரு கிலோ, ஐந்து கிலோ, இருபத்தைந்து கிலோ பைகள். வெள்ளைப் பொடி, மஞ்சள் பொடி, செங்கல் நிறப் பொடி, ஈஸ்ட் வாடை அடிக்கும் ஒரு பொடி. வேலை செய்பவர்களைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: மருந்து. “இன்னைக்கு மருந்து போட்டாச்சா?”

அதில் முக்கால்வாசி மருந்தே இல்லை. நோய் வந்த கோழிக்குக் கொடுப்பதுதான் மருந்து. இவை நோயில்லாத கோழிக்குத் தினமும் தீவனத்தோடு போகிறவை. ஆங்கிலத்தில் ஃபீட் அடிட்டிவ் என்பார்கள். நான் இங்கே சேர்மானம் என்றே எழுதுகிறேன். பண்ணை தொடங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், கடையில் ‘ஒமேகா-3 முட்டை’ அட்டையைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கும் இந்தப் பைகளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

முதலில் அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்னும். ஒரு டன் தீவனத்தில் பெரும்பகுதி மக்காச்சோளம் அல்லது கம்பு. அடுத்தது சோயாப் புண்ணாக்கு. கொஞ்சம் தவிடு. சுண்ணாம்புக்கல் மட்டுமே நூறு கிலோவுக்கு அருகில் வரும். சேர்மானங்களோ ஐம்பது கிராம், நூறு கிராம், ஒரு கிலோ என்று போகும். நூறு கிலோ கல்லில் உள்ள கோளாறை நூறு கிராம் பொடியால் சரிசெய்ய முடியுமா என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பண்ணைகளில் வீணாகும் சேர்மானக் காசில் பெரும்பகுதி அந்த இடத்தில்தான் போகிறது.

ஓடு: ராத்திரி வேலை

முட்டையில் ஏதாவது குறை என்றால் பண்ணைக்காரர் முதலில் பார்ப்பது ஓட்டைத்தான். கேரளாவுக்கு ஏற்றிய லாரியில் கீறல் விழுந்த முட்டை எத்தனை, ஓடு கட்டாத தோல்முட்டை எத்தனை என்பது அன்றைய வரவையே மாற்றிவிடும். அதனால் சேர்மானம் விற்பவர்களில் பாதிப்பேர் ஓட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். நாமும் இதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

கோழிக்குள் ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விடுபட்டு முட்டைக் குழாய்க்குள் இறங்கியதும் சுமார் மூன்று மணி நேரம் வெள்ளைக்கரு சுற்றுகிறது. அடுத்த ஒன்றேகால் மணி நேரத்தில் உள்ளே இருக்கும் அந்த மெல்லிய சவ்வுகள். மிச்சமுள்ள இருபது மணி நேரமும் ஓட்டுக்குத்தான். அதிலும் ஓடு மும்முரமாகப் படிவது பெரும்பாலும் ராத்திரியில், கோழி தூங்கும்போது.

ஒரு முட்டை ஓட்டில் இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கால்சியம் இருக்கிறது. கோழியின் உடம்பு முழுவதையும் சேர்த்தாலே கால்சியம் இருபது கிராம் அளவுதான். அதாவது தினமும் தன் உடம்புக் கால்சியத்தில் பத்தில் ஒரு பங்கை வெளியே தள்ளிவிட்டு, மறுநாள் திரும்பச் சம்பாதிக்கிறது. வருஷத்துக்கு முந்நூறு முட்டை என்று வைத்தால் அறுநூறு கிராமுக்கு மேல் கால்சியம். எனக்கு இந்தக் கணக்கு எப்போது போட்டாலும் கொஞ்சம் பிரமிப்பாகத்தான் இருக்கும்.

தீவனத்தில் நான்கு சதவீதம் கால்சியம் இருந்தால் 110 கிராமில் 4.4 கிராம். உடம்பில் சேர்வது அதில் ஏறக்குறைய பாதி. கணக்கு நேராகிவிட்டது போலத் தெரிகிறது, இல்லையா? சிக்கல் நேரத்தில் இருக்கிறது. கோழி தின்பது பகலில், ஓடு கட்டுவது ராத்திரியில். மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் பகலிலேயே கரைந்து, வேண்டியது போக மீதி எச்சத்தில் போய்விடும். நடுராத்திரியில் குடலில் கால்சியம் தீர்ந்ததும் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். இதற்கென்றே பெட்டைக்கோழியின் எலும்புக்குள் தனியாக ஒரு சேமிப்பு எலும்புத் திசு உண்டு. அதையே தினமும் சுரண்டிக்கொண்டிருந்தால் ஓடும் மெலியும், காலும் வலுவிழக்கும். வயதான கோழி கூண்டுக்குள்ளேயே காலை நீட்டிப் படுத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இதற்குத் தீர்வு பையில் இல்லை, கல்லின் பருமனில் இருக்கிறது. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் குருணையாக உள்ள சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ கோழியின் அரைவைப் பையில் தங்கி, மெதுவாகக் கரைந்து, ராத்திரி முழுக்கக் கால்சியம் கொடுக்கும். மொத்தக் கல்லில் பாதிக்குமேல், மூன்றில் இரண்டு பங்கு வரைகூடக் குருணையாக இருக்கலாம், மீதி மாவு. மாலைத் தீவனத்தில் குருணை கூடுதலாகக் கிடைப்பது நல்லது, ஏனென்றால் சாயங்காலம் கோழியே கால்சியத்தைத் தேடித் தின்னும். ‘ஓடு கெட்டி’ என்று எழுதிய பையை வாங்குவதற்கு முன் ஒரு பிடி தீவனத்தைச் சல்லடையில் போட்டுப் பாருங்கள். குருணையே நிற்கவில்லை என்றால் பிரச்சினை என்ன என்று தெரிந்துபோயிற்று.

கல் சரியாக இருந்தும் ஓடு சரியில்லை என்றால்தான் சேர்மானங்களுக்கு வேலை. முதலில் வருவது வைட்டமின் டி3. இது இல்லாமல் குடலில் கால்சியம் உறிஞ்சப்படாது. தின்ற டி3 கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் என்று இரண்டு படி தாண்டினால்தான் வேலைக்கு வரும். கல்லீரல் கெட்ட கோழிக்கு முதல் படியிலேயே தடங்கல். அதனால் அந்த முதல் படியைத் தாண்டிய வடிவத்திலேயே டி3-ஐத் தயாரித்து விற்கிறார்கள். விலை அதிகம், வயதான கோழிக்கும் கல்லீரல் பழுதான கோழிக்கும் அதில் பொருள் உண்டு.

அடுத்தது துத்தநாகமும் மாங்கனீசும். ஓடு என்பது வெறும் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி கிடையாது. சவ்வின்மேல் சின்னச் சின்ன மொட்டுகளாகத் தொடங்கி, அவற்றின்மேல் தூண் தூணாக எழும் கட்டடம். அந்த அடித்தளத்துக்கு மாங்கனீசு வேண்டும். ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டைத் தயாரிக்கும் நொதிக்குத் துத்தநாகம் வேண்டும். (அதே நொதியைத் தடுப்பதால்தான் சில சல்ஃபா மருந்து கொடுத்தபோது கோழி ஓடில்லாத முட்டை இட்டது என்று பழைய கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள்.) சாதாரண உப்பு வடிவத்தில் இந்தத் தாதுக்கள் மலிவு. அமினோ அமிலத்தோடு பிணைத்த ‘சீலேட்’ வடிவம் விலை கூடியது, உறிஞ்சப்படுவதும் கூடுதல். இளங்கோழிக்கு அது அவசியமே இல்லை என்பது என் கட்சி. அறுபது வாரம் தாண்டிய கோழிக்கு யோசிக்கலாம். வயது ஏற ஏற முட்டை பெரிதாகிறது, ஆனால் கோழி போடும் சுண்ணாம்பின் அளவு அதே அளவில் கூடுவதில்லை. சின்ன பலூனுக்குப் பூசிய அதே சாயத்தைப் பெரிய பலூனுக்கும் இழுத்துப் பூசுவது மாதிரி, ஓடு மெலிந்துகொண்டே போகும். எந்தப் பொடியும் இதை முழுக்கத் தடுக்காது.

பூட்டைத் திறக்கும் நொதி

நொதிகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மக்காச்சோளம், சோயா, தவிடு இவற்றில் பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது. ஆனால் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ‘ஃபைட்டேட்’ என்ற பிணைப்புக்குள் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் நொதி கோழியின் குடலில் போதிய அளவு கிடையாது. அதனால் தானியத்தில் உள்ள பாஸ்பரஸ் எச்சத்தோடு வெளியே போக, நாம் காசு கொடுத்து டிசிபி என்ற டைகால்சியம் பாஸ்பேட் உப்பை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். 1991-இல் ‘ஃபைட்டேஸ்’ நொதி முதன்முதலாக வணிகச் சரக்காகச் சந்தைக்கு வந்தது. பூஞ்சையிலும் பாக்டீரியாவிலும் வளர்த்து எடுக்கும் இந்த நொதி அந்தப் பூட்டைத் திறந்துவிடும். கிராமுக்கு 5,000 அலகு வலுவுள்ள சரக்கு என்றால் டன்னுக்கு நூறு கிராம் போட்டால் கிலோ தீவனத்துக்கு 500 அலகு வரும். பலரும் பரிந்துரைக்கும் அளவு அதை ஒட்டியதுதான்.

நூறு கிராம் பொடி தன் விலையைத் தானே சம்பாதித்துக்கொடுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியது சேர்மானங்களில் இது ஒன்றுதான். ஆனால் ஒரு நிபந்தனை: ஃபைட்டேஸ் போட்டால் டிசிபியைக் குறைக்க வேண்டும். குறைக்காமல் இரண்டையும் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது காசும் மிச்சமாகாது, பாஸ்பரஸ் கூடிப்போய் ஓடும் மெலியும். பாஸ்பரஸ் மிகுந்தால் கால்சியத்துக்கு இடைஞ்சல் என்பது மறந்துபோகிற விஷயம்.

சித்திரை வெயிலும் சோடா உப்பும்

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் ஏறினால் வாயைத் திறந்து மூச்சிரைக்கும். அந்த மூச்சில் ஈரம் வெளியேறி உடம்பு குளிரும். கூடவே கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியே போகும். ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட்டுக்கு வேண்டிய மூலப்பொருள் ரத்தத்தில் உள்ள கரியமில வாயுவிலிருந்துதான் வருகிறது. அது மூச்சில் போய்விட்டால், கால்சியம் எவ்வளவு இருந்தும் ஓடு கட்ட முடியாது. சிமென்ட் இருந்து மணல் இல்லாத கதை. போதாததற்கு வெயிலில் கோழி தீவனத்தையும் குறைத்துவிடும்.

இங்கேதான் தீவனத்தில் சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், சேர்க்கிறார்கள். டன்னுக்கு ஒன்று முதல் மூன்று கிலோ வரை போகும். அதற்கு ஏற்ப உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சோடியம் கூடி எச்சம் தண்ணீராகும். வைட்டமின் சி-யும் வெயில் காலத்துக்கு உதவும். கோழி தன் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும் பிராணிதான். ஆனால் கடும் வெயிலில் அதன் உற்பத்தி தேவைக்குப் போதாது.

இவை எல்லாம் ஒத்தாசைதான். கூரைமேல் தெளிப்பான், விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் தீவனம், நடுராத்திரியில் ஒரு மணி நேரம் விளக்குப் போட்டுத் தின்னவிடுவது, குழாயில் குளிர்ந்த தண்ணீர் ஆகியவற்றுக்குப் பிறகுதான் சோடா உப்பு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பண்ணையாளர்களுக்காகவே வானிலை முன்னறிவிப்போடு தீவன ஆலோசனையும் சொல்கிறது. காசில்லாமல் கிடைக்கும் யோசனை என்பதாலோ என்னவோ, பலர் அதைப் படிப்பதில்லை.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால், அந்த உப்பே ஓட்டைக் கெடுக்கும். தீவனத்தில் எதைப் போட்டும் ஓடு தேறாத பண்ணையில் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பிப் பார்ப்பது நல்லது.

மஞ்சள் கருவின் நிறம்

‘நாட்டுக்கோழி முட்டையில் கரு நல்ல ஆரஞ்சாக இருக்கும், பண்ணை முட்டையில் வெளுத்திருக்கும், சத்து இல்லை’ என்பது ஊர் முழுக்க நிலவும் தீர்ப்பு. நிறத்துக்குக் காரணம் சாந்தோஃபில் என்ற நிறமிகள். லூட்டின், சியாசாந்தின் என்று அவற்றுக்குப் பெயர். கீரை, புல், முருங்கை இலை, மக்காச்சோளம் இவற்றில் இருக்கின்றன. கோழியால் இவற்றைத் தயாரிக்க முடியாது. தின்றதை அப்படியே கருவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மேய்கிற கோழி பச்சை தின்கிறது, கரு சிவக்கிறது. பண்ணையில் மக்காச்சோளம் விலையேறி, கம்போ குருணை அரிசியோ போட்டால் கரு வெளுக்கிறது. அவ்வளவுதான். புரதமும் கொழுப்பும் வெளுத்த முட்டையிலும் அதேதான். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினைக் கோழிக்குக் கொடுத்தால் நிறம் வராது என்பது வேடிக்கை. கோழி அதை வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடும்.

சந்தை நிறத்தைக் கேட்கிறது என்றால் கொடுக்க வழி இருக்கிறது. துலுக்கச் சாமந்திப் பூவிலிருந்து எடுக்கும் சாறுதான் மஞ்சளுக்கு. பூஜைக்கும் மாலைக்கும் வாங்கும் அதே செண்டுமல்லிதான், இதழைக் காயவைத்து நிறமியைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆரஞ்சுச் சாயல் வேண்டுமானால் மிளகாய் வகையிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறமி, அல்லது ஆலையில் தயாரித்த கேந்தாசாந்தின். நிறத்தை அளக்க வெளிர் மஞ்சளிலிருந்து கடும் ஆரஞ்சு வரை எண் போட்ட விசிறி ஒன்று உண்டு. உடைத்த கருவின் பக்கத்தில் விரித்து எந்த எண்ணோடு பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். பேக்கரிக்காரர் ஓர் எண் கேட்பார், வீட்டுச் சமையலுக்கு வாங்குபவர் வேறு எண் கேட்பார்.

ஒரு கரு கடைசிப் பத்து நாளில்தான் வேகமாக வளர்கிறது, வெங்காயம் மாதிரி படலம் படலமாக. அதனால் இன்று சாமந்திப் பொடி போட்டால் நாளை நிறம் வராது. பத்து, பன்னிரண்டு நாள் பொறுக்க வேண்டும். மூன்றாம் நாளே “பொடி சரியில்லை” என்று பையைத் திருப்பிக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். முட்டை ஓட்டின் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது கோழியின் இனம். வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழி வெள்ளை முட்டை இடும். பழுப்பு ஓட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பது அவரவர் விருப்பம்.

வெள்ளைக்கருவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உடைத்துத் தட்டில் ஊற்றினால் கெட்டியாக மேடு கட்டி நிற்க வேண்டும். அந்த உயரத்தையும் முட்டையின் எடையையும் வைத்துக் கணக்கிடும் அலகுக்கு ஹா அலகு என்று பெயர். 1937-இல் ரேமண்ட் ஹா வகுத்தது. வெள்ளைக்கரு நீர்த்துப்போவதற்குப் பெரிய காரணங்கள் கோழியின் வயதும், முட்டை வெயிலில் கிடப்பதும், மூச்சுக்குழல் அழற்சி நோயும்தான். தீவனத்தில் தேட வேண்டியவற்றில் ஒன்று தரமில்லாத பாஸ்பேட்டில் கலந்திருக்கும் வனேடியம் என்ற உலோகம். போடுவதைவிட இங்கே எடுப்பதுதான் மருந்து.

‘ஒமேகா’ முட்டை நிஜமா?

நிஜம்தான். கருவில் உள்ள மொத்தக் கொழுப்பின் அளவை மாற்றுவது கடினம்; ஆனால் எந்தக் கொழுப்பு என்பதை மாற்றலாம். ஆளிவிதை கொடுத்தால் அதிலுள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பு கருவில் சேர்கிறது, ஒரு பகுதியைக் கோழியின் கல்லீரல் மீனில் இருப்பது போன்ற வடிவமாகவும் மாற்றுகிறது. மீன் எண்ணெயோ கடற்பாசி வகையோ கொடுத்தால் அந்த வடிவம் நேரடியாகவே சேரும். அளவு மீறினால் முட்டையில் மீன் கவிச்சி வரும். ஆம்லெட் போட்ட வீட்டில் புகார் எழும். இந்தக் கொழுப்பு சீக்கிரம் காறிப்போகும் என்பதால் கூடவே வைட்டமின் ஈ-யும் கூட்டிக் கொடுக்க வேண்டும். இப்படியே செலினியத்தையும் ஏற்றலாம். ஈஸ்டில் வளர்த்த செலினியம் முட்டைக்குள் நன்றாகப் போய்ச் சேரும். ஆனால் செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. அமெரிக்காவில் கிலோ தீவனத்துக்கு 0.3 மில்லிகிராமுக்குமேல் சேர்க்க அனுமதியே இல்லை. கையால் அள்ளிப் போடும் பண்ணையில் இதைத் தனியாக வாங்கி வைக்கவே கூடாது என்பேன். வைட்டமினும் தாதுவும் முன்கூட்டியே சரியாகக் கலந்த பிரிமிக்ஸ் பொடியில் வருவதே போதும்.

குடலுக்குள் நடக்கும் இடப்போட்டி

1940-களின் கடைசியில் அமெரிக்காவில் ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தயாரித்தபோது மிஞ்சிய கழிவைக் கோழிக்குஞ்சுக்குப் போட்டுப் பார்த்தார்கள், பி12 வைட்டமினுக்காக. குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. ஆராய்ச்சியாளர்கள் தாமஸ் ஜூக்ஸும் ஸ்டாக்ஸ்டாடும் செய்த அந்த வேலைக்குப் பிறகு, நோயே இல்லாத கோழிக்கும் தீவனத்தில் சொற்ப அளவு ஆன்டிபயாட்டிக் போடுவது உலகம் முழுக்கப் பழக்கமாயிற்று. விளைவு நமக்குத் தெரியும்: மருந்துக்கு மசியாத கிருமிகள். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் போடுவதை 2006 ஜனவரி முதல் நிறுத்தியது. இந்தியா 2019-இல் உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடைசெய்தது. மனிதருக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது மருத்துவமனைகள் கையில் எடுக்கும் மருந்து அது. முட்டைக்கோழியில் இன்னொரு தொல்லையும் உண்டு. கறிக்கோழி என்றால் விற்பதற்குச் சில நாள் முன்னால் மருந்தை நிறுத்தலாம். முட்டைக்கோழி தினமும் இடுகிறது. கொடுத்த மருந்து முட்டையில் வரும். மருத்துவர் சொல்லும் நாள் வரை அந்த முட்டையை விற்கக்கூடாது.

அந்தக் காலியிடத்துக்குத்தான் இப்போது புரோபயாட்டிக், பிரிபயாட்டிக், கரிம அமிலம் என்று வரிசை கட்டி நிற்கின்றன. இவற்றுக்கு அடிப்படையான யோசனை ஃபின்லாந்தில் கிடைத்தது. 1973-இல் ஆராய்ச்சியாளர்கள் நூர்மியும் ரண்டாலாவும், வளர்ந்த கோழியின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அப்போதுதான் முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி எளிதில் ஒட்டாது என்று காட்டினார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். நல்ல கிருமி முதலில் உட்கார்ந்துவிட்டால் கெட்டதுக்கு இடமில்லை. கடையில் கிடைக்கும் புரோபயாட்டிக்கில், அதாவது நல்ல கிருமிப் பொடியில், பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ் அல்லது பேசில்லஸ் வகை. பேசில்லஸ் கெட்டியான உறை போட்டுக்கொள்ளும் கிருமி, சூட்டையும் நாள்பட்ட இருப்பையும் தாங்கும். லாக்டோபேசில்லஸ் அவ்வளவு கெட்டியில்லை. பிரிபயாட்டிக் என்பது நல்ல கிருமிக்குப் போடும் தீனி; ஈஸ்ட் செல்லின் சுவரிலிருந்து எடுப்பதும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது, அது சால்மோனெல்லாவைத் தன்மேல் ஒட்டவைத்து எச்சத்தோடு இழுத்துச் செல்லும். ஃபார்மிக், புரோபியானிக் போன்ற அமிலங்கள் தீவனத்திலும் குடலிலும் கிருமிக்கும் பூஞ்சைக்கும் எதிராக வேலை செய்யும்.

இவை பலன் தரும், ஆனால் எல்லாப் பண்ணையிலும் ஒரே அளவில் அல்ல. சுத்தமான, நோயற்ற பண்ணையில் வித்தியாசமே தெரியாமல் போகலாம். இதில் நான் அடிக்கடி காணும் தப்பு: குளோரின் கலந்த தண்ணீரில் புரோபயாட்டிக்கைக் கரைத்துக் கொடுப்பது. காசு கொடுத்து வாங்கிய உயிரை நாமே கொன்று ஊற்றுகிறோம்.

பூஞ்சை நஞ்சு, கல்லீரல்

மழைக்காலத்தில் ஈரத்தோடு வாங்கிய மக்காச்சோளம்தான் பண்ணையின் மறைவான எதிரி. 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சு என்று தெரிந்தது. அதுதான் அஃப்ளடாக்சின். முட்டைக்கோழி உடனே சாகாது, மெல்ல மெல்லக் கெடும். நஞ்சு கல்லீரலைத் தாக்குகிறது. மஞ்சள் கருவின் சரக்கு முழுக்கக் கல்லீரலில்தான் தயாராகிறது. கல்லீரல் பழுதானால் முட்டை சிறுக்கும், எண்ணிக்கை விழும், டி3 மாற்றம் தடைபட்டு ஓடும் மெலியும். பண்ணைக்காரர் ஓட்டைப் பார்த்துக் கால்சியம் வாங்கி ஓடுவார். கோளாறு சோளக் கிடங்கில் இருக்கும்.

டாக்சின் பைண்டர் என்று விற்கும் சேர்மானம் பெரும்பாலும் ஒருவகைக் களிமண், அல்லது களிமண்ணும் ஈஸ்ட் சுவரும் கலந்தது. களிமண் அஃப்ளடாக்சினை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். வேறு பல பூஞ்சை நஞ்சுகளிடம் அதன் பிடி தளர்வு. ஆகவே எல்லா நஞ்சையும் கட்டும் என்று பையில் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். சோளத்தின் ஈரப்பதம் பார்த்து வாங்குவது எந்தப் பைண்டரையும்விட மலிவு.

கல்லீரலுக்கென்று கோலின் என்ற வைட்டமின் வகைச் சத்தும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் உண்மையிலேயே வேண்டியவை. கூண்டுக்குள் அசையாமல் நிற்கும் கோழிக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, ரத்தம் கசிந்து திடீரென்று சாவது உண்டு. மெத்தியோனின் குறைந்தால் முட்டையின் எடையும் குறையும்; சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது இதுதான். கீழாநெல்லி, மஞ்சள், பூண்டு முதலியவை கலந்த மூலிகை லிவர் டானிக்குகள் பல பெயர்களில் வருகின்றன. கீழாநெல்லியின்மேல் நம் ஊருக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனால் பையில் எந்த மூலிகை எத்தனை சதவீதம் என்று எழுதாத சரக்கை வாங்க மாட்டேன்.

கலப்பதும் கணக்குப் பார்ப்பதும்

நூறு கிராம் பொடியை ஒரு டன் மிக்சரில் நேரே கொட்டினால் ஒரு கோழிக்குப் பத்து மடங்கு கிடைக்கும், ஒன்பது கோழிக்கு ஒன்றும் கிடைக்காது. முதலில் ஒரு கிலோ சோள மாவில் கலந்து, அதைப் பத்து கிலோவில் கலந்து, பிறகு மிக்சரில் போட வேண்டும். கோலின் குளோரைடு ஈரத்தை இழுக்கும். வைட்டமினோடு ஒரே டப்பாவில் வைத்தால் வைட்டமின் கெடும். தகரக் கூரையின் கீழ் கோடை முழுக்கக் கிடந்த வைட்டமின் பையில் வைட்டமின் எவ்வளவு மிச்சம் என்று கேட்காதீர்கள். கறிக்கோழித் தீவனம் கலந்த மிக்சரிலேயே முட்டைக்கோழித் தீவனத்தையும் கலப்பவர்கள் ஜாக்கிரதை: கறிக்கோழியின் ரத்தக்கழிச்சலுக்குப் போடும் நைகார்பசின் கொஞ்சம் ஒட்டி வந்தாலும் கருவில் திட்டுத் திட்டாகக் கறை தெரியும், பழுப்பு முட்டை வெளுத்துவிடும்.

இனி காசு. பத்தாயிரம் கோழிக்கு நாளொன்றுக்கு 1.1 டன் தீவனம். ஒரு சேர்மானம் டன்னுக்கு 200 ரூபாய் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தினச் செலவு 220 ரூபாய். நல்ல முட்டைக்கும் கீறல் முட்டைக்கும் விலை வித்தியாசம் இரண்டு ரூபாய் என்றால், தினம் 110 முட்டையாவது கீறலிலிருந்து தப்ப வேண்டும். பத்தாயிரம் கோழி தினம் ஒன்பதாயிரம் முட்டை இடுகிறது என்றால் அது ஒன்றேகால் சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கீறலே இரண்டு சதவீதம்தான் என்ற பண்ணையில் அதில் பாதிக்குமேல் ஒரே பொடி குறைத்துவிடும் என்று நம்பி இறங்குவது சூதாட்டம். ஏழு சதவீதம் போகிற பண்ணையில் யோசிக்கலாம், அதுவும் வெள்ளைக்கழிச்சல், மூச்சுக்குழல் அழற்சி, முட்டை உற்பத்திக் குறைவு நோய் ஆகியவை இல்லை என்று மருத்துவர் பார்த்த பிறகு. வைரஸ் கெடுத்த முட்டைக்குழாயைத் தீவனம் சரிசெய்யாது.

பரீட்சித்துப் பார்க்க ஆசையிருந்தால் ஒரே வயது, ஒரே இனக் கோழி உள்ள இரண்டு ஷெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் போடுங்கள், ஒன்றில் போடாதீர்கள். தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரக் கீறல் கணக்கையும் எழுதி வையுங்கள், ஏனென்றால் இரண்டு ஷெட்டும் முதலிலேயே ஒன்றாக இருந்திருக்காது. குறைந்தது நான்கு வாரம் ஓட்டுங்கள். இடையில் சோள லோடு மாறினால் இரண்டு ஷெட்டுக்கும் ஒரே நாளில் மாற்றுங்கள். முட்டை எடுப்பவரிடம் எந்த ஷெட்டில் பொடி போகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள்.